தங்கத்தை லோரியில் ஏற்றப் போறீங்களா?

நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சிட்டு திட்டணும்னா திட்டுங்க. ஆனா பாதி படிச்சிட்டு வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடாதீங்க, அது போன தடவையே நடந்தது.

நாங்கள் ஆலயத்தின் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள். ஏழு பேர். காலையில் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. எங்களில் யாருக்கும் நிர்வாகத்தில் பதவி கிடையாது, வேண்டவும் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு முன் கொட்டகையை "சுத்தம் பண்ணணும்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சுத்தம் என்றால் சாணி அள்ளுவது இல்லை. அதை நாங்கள் தினமும் செய்கிறோம். அவர்கள் சொல்லும் சுத்தம், தங்கத்தை வெளியே அனுப்புவது.

தங்கம் யார் என்று தெரியாதவர்களுக்காக. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில், ஆலய வாசலில் சாக்கின் மேல் கிடந்த கன்னுக்குட்டி. முன்னங்கால் ரெண்டும் முட்டியில் மடங்கி இருந்தது. எழுந்து நிற்க முயன்றால் முட்டியில்தான் ஊன்றும். யார் போட்டது என்று பிறகு தெரிந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பால் மாடு வைத்திருப்பவர். இரட்டைக் கன்று, கூடப் பிறந்தது காளை. நேராகக் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. "கால் ஊனம், அதோட இது சினை பிடிக்காதுங்க, பால் வராது, நான் வெச்சி என்ன செய்ய, கோயில்னா புண்ணியமாப் போகும்" என்றார். பிறகு டாக்டரிடம் கேட்டோம். காளையோடு சேர்ந்து ஒரே வயிற்றில் வளர்ந்த கிடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும், காளைக் கன்றின் ரத்தம் இதன் உடம்பிலும் ஓடி கருப்பை சரியா உருவாகாமல் போய்விடும் என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

அவர் மேல் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் பிழைப்பு அது. நம்ம அப்பா தாத்தா காலத்தில் கித்தாத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ரெண்டு மாடு கட்டி, விடியற்காலையில் சைக்கிளில் பால் ஊற்றித்தான் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த வீடுகளிலும் காளைக்கன்று என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. ஆனால் அவர் செய்த ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. சீம்பால் கொடுக்காமல் கொண்டுவந்து போட்டார். பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கிற சீம்பால்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்பு. ஒரு நாள் தாண்டிவிட்டால் குடல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளாது. அதனால்தான் தங்கத்துக்கு முதல் மூன்று மாதத்தில் ரெண்டு தடவை நெஞ்சில் சளி கட்டி, சாகக் கிடந்தது. ஒரு வேளை சீம்பால். அதற்கு என்ன செலவு?

காலுக்கு வருவோம். தசைநார் சுருங்கிப் பிறக்கும் கன்றுகள் உண்டு. சீக்கிரம் பிடித்தால் நிமிர்த்தலாம். டாக்டர் ஊசி போட்டார், எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். பிவிசி குழாயை நீளவாட்டில் ரெண்டாகப் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்து, காலில் கட்ட வேண்டும். காலையும் மாலையும் அவிழ்த்து, தோல் உரிந்திருக்கா என்று பார்த்து, நீவிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் குழாய் அழுத்திப் புண்ணாகி, காலே போய்விடும். மூன்று வாரத்தில் இடது கால் நிமிர்ந்தது. அன்றைக்குக் கொட்டகையில் இருந்த நாலு பேரும் அழுதோம், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. வலது கால் முழுசா வரவில்லை. இன்றும் குளம்புக்கு மேலுள்ள கணு மடங்கித்தான் நடக்கும். லோரி டயர் ரப்பரை அறுத்து ஒரு செருப்பு மாதிரி தைத்துப் போட்டிருக்கிறோம். அது மூன்றாவது செருப்பு.

இப்போது நிர்வாகத்தில் சிலர் சொல்வது: அங்கஹீனமான பசு ஆலயத்தில் இருக்கக் கூடாது, கும்பாபிஷேகத்துக்குக் கோ பூஜை நடக்கும், வெளியூரிலிருந்து வருபவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஒரு வியாபாரி நல்ல விலைக்குக் கேட்கிறார், "பண்ணையில் வெச்சிப் பார்த்துக்குவார்".

ஒவ்வொன்றா வருவோம்.

பூஜைக்கு நிற்கும் பசு குறையில்லாமல், கன்றோடு இருக்க வேண்டும் என்பது முறை. நாங்கள் அதை எதிர்த்துப் பேசவே இல்லை. கொட்டகையில் லெட்சுமி இருக்கு, அதன் கன்று இருக்கு, ரெண்டும் நல்லா இருக்கு. அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பாபிஷேகத்தன்று நாங்களே பிடித்துக்கொண்டு வருவோம். ஆனால் பூஜைக்கு ஆகாத பசு ஆலயத்தில் இருக்கவே கூடாது என்று யார் சொன்னது? குருக்களிடமே போய்க் கேட்டோம். "நான் பூஜைக்குரிய பசுவைப் பத்திதான் சொன்னேன், மத்ததை விரட்டச் சொல்லலையே" என்றார். அவர் சொன்னதற்கு ஒரு வால் ஒட்டி, அதை ஆகமம் என்று குழுவில் போட்டது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. மாலை கட்ட ஆகாத பூவை எடுத்துக் குப்பையில் போடுவது மாதிரி இதையும் நினைத்துவிட்டார்கள் போல.

சாத்திரம் பேசுகிறவர்களுக்கு நாங்களும் கொஞ்சம் பேசுகிறோம். நம்ம சிவாலயத்தில் எல்லாரும் கடைசியாகப் போய்க் கை தட்டிவிட்டு வருகிறீர்களே சண்டிகேஸ்வரர், அவர் கதை என்ன? விசாரசருமர் என்ற அந்தணப் பையன், மேய்ப்பவன் பசுவைக் கோலால் அடிப்பதைப் பார்த்து, பொறுக்க முடியாமல், "இனி நானே மேய்க்கிறேன்" என்று மேய்க்கப் போனவர். வேதம் படிக்க வேண்டிய பிள்ளை மாடு மேய்க்கப் போச்சு. இன்றைக்கு இருந்திருந்தால் நம்ம குழுவில் அவரையும் "வேலை வெட்டி இல்லாதவன்" என்று எழுதியிருப்பார்கள். திருமூலர் கதையும் அப்படித்தான். சாத்தனூரில் மேய்ப்பவன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறியதைப் பார்க்கத் தாங்காமல்தான் அந்த யோகி அவன் உடம்பில் புகுந்தார் என்கிறது பெரிய புராணம். திருவாரூர்ச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிந்தது ஒரு பசுவின் கண்ணீருக்காக. இந்தக் கதைகளில் எங்கேயாவது அந்தப் பசு எத்தனை லிட்டர் கறந்தது, கால் நேராக இருந்ததா என்று ஒரு வரி வருகிறதா?

பாலுக்காகக் கும்பிட்டால் அது கூலி. பால் தராத பசுவையும் கும்பிட்டால்தான் அது பக்தி என்று எங்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார். நாங்கள் அவ்வளவு பெரிசாகச் சொல்லவில்லை. மாதா மாதா என்கிறீர்கள். வீட்டில் அம்மாவுக்கு முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனால் விருந்தாளி வருகிறார்கள் என்று அவரை எங்கே அனுப்புவீர்கள்?

அடுத்தது, "பண்ணையில் வெச்சிப் பார்த்துக்குவார்". நாம் எல்லாரும் பெரியவர்கள். பால் தராத, சினை பிடிக்காத, வண்டி இழுக்க முடியாத மாட்டை ஒருத்தர் காசு கொடுத்து எதற்கு வாங்குவார்? அவர் நெஞ்சில் டேப் சுற்றி அளந்து பார்த்தபோதே தெரியவில்லையா, கிலோ கணக்கு போடுகிறார் என்று? வாங்குபவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அது அவர் தொழில், அவர் பொய் சொல்லவும் இல்லை. பொய் நம்ம பக்கம்தான் இருக்கு. வெட்டுவதற்கு விற்கிறோம் என்று ஒரு கூட்டக் குறிப்பில் எழுதி, தலைவர் செயலாளர் பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்படிப் போட முடிந்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். முடியாது. அதனால்தான் "பண்ணை" என்ற வார்த்தை.

இன்னொன்று. இந்த நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் என்று ஒன்று இருக்கு. விலங்கின் சொந்தக்காரர் அதற்குத் தீனி, தண்ணீர், இருக்க இடம், நோய் வந்தால் சிகிச்சை கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுமை என்று நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வரை, சிறையும் உண்டு. தங்கத்தின் சொந்தக்காரர் யார்? வாசலில் போட்டவரா? இல்லை. தூக்கி உள்ளே வைத்த அன்றே ஆலயம்தான். கும்பாபிஷேகம் வரைக்கும் தீனியைக் குறைத்து வைங்க, தானா போயிடும் என்று ஒருத்தர் எங்களிடம் வாய்விட்டுச் சொன்னார். பேர் போடமாட்டோம். ஆனால் சொன்னவருக்குத் தெரியும்.

இப்போது பக்தர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நிர்வாகத்தை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை.

போன மாட்டுப் பொங்கலுக்கு வந்த கூட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு குடும்பம் ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கலையே கொண்டுவந்து வைத்துவிட்டது. இன்னொருத்தர் லட்டு. "போதும்மா" என்றால் "கோமாதாவுக்குக் கொடுக்கிறதைத் தடுக்க நீ யாரு" என்று கேட்டார்கள். நாங்கள் யார் என்றால், அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே இருந்தவர்கள். மாட்டின் பெரிய வயிறு புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கும் தொட்டி மாதிரி. அதற்குள் ஒரே நேரத்தில் சர்க்கரையும் சோறும் போய் விழுந்தால் அமிலம் ஏறும், அசை போடுவது நின்றுபோகும், வயிறு உப்பும், விட்டால் செத்துப்போகும். லெட்சுமி எப்படியோ தப்பித்தது. தங்கத்துக்கு இடது பக்கம் மத்தளம் மாதிரி வீங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மாடு பார்க்கும் டாக்டர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அவர் வந்து குழாய் விட்டு, சோடா உப்பு கரைத்து ஊற்றி, விடிய மூன்றரை ஆச்சு. உங்கள் புண்ணியக் கணக்கில் அன்றைக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியாது. எங்கள் கணக்கில் 450 வெள்ளி இறங்கியது.

திருமூலர் பசுவுக்குக் கொடுக்கச் சொன்னது ஒரு வாய்ப் புல். லட்டு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கால் சரியில்லாத மாட்டுக்கு எடை ஏறினால் அந்தக் கால்தான் முதலில் போகும். அதனால் தங்கத்துக்கு எல்லாம் அளந்துதான் போடுகிறோம். நேப்பியர் புல் ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல், கொஞ்சம் செம்பனைப் புண்ணாக்கு, உப்புக்கட்டி. பூ மாலையை நாரோடு போடாதீங்க. பிளாஸ்டிக் பையோடு பழத்தை வைக்காதீங்க. உள்ளே போன பிளாஸ்டிக் கரையாது, வெளியேயும் வராது, சேர்ந்துகொண்டே இருக்கும்.

டைல்ஸ் கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரு உபயக்காரர் நல்ல மனசோடு கொட்டகைக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். நடுவில் குடும்பப் பேரும் தேதியும். போட்ட மூன்றாம் நாள் தங்கம் வழுக்கி, பின்னங்கால் ரெண்டும் அகன்று விழுந்தது. மாட்டுக்குத் தேவை சொரசொரப்பான தரை, மணல், மரத்தூள். நாங்கள் கைக்காசு போட்டு ரப்பர் பாய் வாங்கி விரித்தோம். பேர் மறைந்துவிட்டது என்று அவருக்குக் கோபம். ரெண்டு மாதமாகப் பேசவில்லை. அண்ணே, நீங்க இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்க பேரைச் சுவரில் எழுதுறோம், இன்னும் பெரிசா எழுதுறோம். தரையில் வேண்டாம், அது மேல மாடு மூத்திரம் பெய்யும்.

எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட: "இந்தக் காசுக்கு ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கலாமே?" கொடுக்கலாம். கொடுக்கணும். எங்களில் ரெண்டு பேர் சனிக்கிழமை வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர்கள்தான். தங்கத்துக்கு ஆகும் செலவு மாதம் 400 வெள்ளிக்குள். அதில் பாதி எங்கள் கையிலிருந்து. போன திருவிழாவுக்கு எல்இடி திரை வாடகை எவ்வளவு என்று கணக்கறிக்கையில் இருக்கு, எடுத்துப் பாருங்கள். அப்போது யாருக்கும் ஏழைப் பிள்ளை ஞாபகம் வரவில்லை. மாடு வந்தால் மட்டும் வருகிறது.

கடினமான கேள்வி வேறு ஒன்று. அதை எங்களிடம் கேட்டது ஒரு பதின்மூன்று வயசுப் பெண் பிள்ளை. "அதுக்கு வலிக்குதா? வலிச்சா ஏன் வெச்சிருக்கீங்க?" பதில் உடனே வரவில்லை.

இங்கிலாந்தில் வாட்ஃபர்ட் பக்கத்தில் கிருஷ்ணர் கோயில் ஒன்றில் கங்கோத்ரி என்று ஒரு பசு இருந்தது. அடிபட்டு எழ முடியாமல் கிடந்ததைப் பக்தர்கள் நாள் தவறாமல் புரட்டிப் போட்டு, புண் துடைத்து, பார்த்துக்கொண்டார்கள். 2007 டிசம்பரில் விலங்கு நல அமைப்பின் ஆட்கள் வந்து ஊசி போட்டுக் கொன்றார்கள். துன்பப்படுகிறது, இதுதான் கருணை என்றார்கள். கோயில்காரர்கள் கேட்காமல் கொன்றுவிட்டீர்களே என்று கதறினார்கள். அதே வருஷம் ஜூலையில், வேல்ஸில், இலங்கையிலிருந்து போன ஒரு குரு முருகனுக்கென்று அமைத்த ஸ்கந்த வேல் ஆசிரமத்தில் ஷாம்போ என்ற காளையைக் காசநோய் என்று அரசாங்கம் கொண்டுபோய்க் கொன்றது. இந்த ரெண்டையும் வைத்து எங்களுக்குள்ளேயே சண்டை. ஊசியே கூடாது என்பவர்கள் மூன்று பேர். எழவே முடியாமல் வலியில் கிடந்தால் டாக்டர் சொல்வதைக் கேட்கணும் என்பவர்கள் நாலு பேர். இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போன விஷயம் இது. தங்கம் இன்றைக்கு வலியில் கிடக்கும் மாடு இல்லை. தானே எழும். நொண்டி நொண்டி வேலி வரைக்கும் போகும். மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு அசை போடும். வலியில் இருக்கும் மாடு அப்படி அசை போடாது. மோட்டோர் சத்தம் கேட்டால் எங்களில் யார் வருகிறோம் என்று அதற்குத் தெரியும். புல் கொண்டுவருபவர் என்றால் தலையைத் தூக்கும், குளம்பு வெட்ட வருபவர் என்றால் திரும்பி நின்றுகொள்ளும். முட்டியில் காய்ப்பு இருக்கு, மருந்து போடுகிறோம். ஒரு பக்கமாகத் தேய்வதால் குளம்பை நாலு மாதத்துக்கு ஒரு தடவை சீர் பண்ணுகிறோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்துச் சொல்வதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அதற்கு வலி தாங்காத நாள் வந்தால் அதை முடிவு பண்ண நோட்டும் டாக்டரும் தங்கமும் இருக்கு. கும்பாபிஷேக அழைப்பிதழில் இருக்கும் தேதிக்கு அதில் வேலை இல்லை.

அமெரிக்காவில் 1986இல் ஒரு மாட்டுச் சந்தைக்குப் பின்னால் செத்த பிராணிகளைக் குவித்துப்போடும் இடத்தில் ஒரு ஆடு உயிரோடு கிடந்ததைச் சில இளைஞர்கள் தூக்கிப் போய்க் காப்பாற்றினார்கள். ஹில்டா என்று பேர் வைத்தார்கள். அந்தச் செம்மறி ஆட்டிலிருந்துதான் ஃபார்ம் சாங்ச்சுவரி என்ற பெரிய சரணாலயம் வளர்ந்தது. அவர்கள் ஆட்டைக் கும்பிடுகிறவர்கள் இல்லை. மாட்டுக்குக் கோயிலே கட்டுகிற நமக்கு ஒன்றை வைத்துக்கொள்ள இடம் இல்லையாம்.

நாங்கள் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. வியாபாரிக்கு வேண்டாம் என்று செயலாளர் ஃபோன் பண்ணிச் சொல்லட்டும். கும்பாபிஷேகம் நடக்கும் நாட்களில் தங்கத்தைக் கொட்டகையின் பின்பக்கம், தடுப்பு வைத்துக் கட்டுகிறோம். அதுகூட எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்கிறோம். மேளச் சத்தத்தில் மிரண்டு வழுக்கிவிடக்கூடாது என்பதும் ஒரு காரணம். வாசலில் கன்று போட்டுவிட்டுப் போவதைத் தடுக்க ஒரு பலகை வைக்கணும்: கன்று கொடுப்பதென்றால் முதலில் பேசுங்கள், சீம்பால் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூஜை முடிந்ததும் மண்டபத்தில் கூட்டம். உறுப்பினர் அட்டை இருப்பவர்கள் வாங்க, ஓட்டுப் போட உங்களால்தான் முடியும். இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம், செவ்வாய்க்கிழமை புல் வெட்ட ஒரு ஆள் குறையுது. காலை ஆறரைக்கு, ஆத்தோரம். பாராங் சொந்தமா கொண்டு வரணும், பூட்ஸ் எங்ககிட்ட ஒரு ஜோடி இருக்கு, ஒன்பதாம் நம்பர்.